பெயருக்குக் கட்டம் இல்லாத புத்தகம்

“அடிமை வெச்சிருந்தவன் பேரு நம்ம குடும்பக் கல்லுல மொதப் பேரா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும்—”

“அது அவரு பொண்டாட்டியும் பிள்ளையும், அக்கா. எத்தனை தடவை சொல்—”

“‘உடைமையாளர் ஆன்செல் கோயின்ஸ்’னு சர்க்கார் எழுதியிருக்குடி. கீழ ரெண்டு அடிமை. எனக்கென்ன படிக்கத் தெரியாதா?”

வெர்லீனும் தங்கை ஓராபெல்லும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகல்களைச் சமையலறை மேசையில் விரித்து இப்படி மோதிக்கொண்ட சனிக்கிழமை, அதே மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. 1860 முதல் அவளுக்கு அதே வயதுதான். வர்ஜீனியாவில் எங்கள் பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆன்செல் சுதந்திரராகப் பிறந்த கறுப்பர், பீப்பாய் செய்பவர். புகையிலைத் தோட்டத்துக்காரரிடமிருந்து தன் மனைவியையும் மகனையும் விலைக்கு வாங்கினார். விடுதலைப் பத்திரம் மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் அவர்கள் மாநிலத்தை விட்டே போக வேண்டும், சட்டம் அப்படி. ஆகவே காகிதத்தில் தன் மனைவிக்குத் தானே எஜமானராக இருந்தார். 1850இல் கணக்கெடுக்க வந்தவர் ஒரே வீட்டை, ஒரே அடுப்பை, இரண்டு புத்தகங்களில் எழுதினார். சுதந்திரர் புத்தகத்தில் ஆன்செலின் பெயர். அடிமைப் புத்தகத்தில் ‘பெண், 34, ஆண், 9’, அவ்வளவுதான். மை காய்வதற்குள் அந்த இருவரின் பெயரும் ஊரில் எவர் வாயிலும் வராமல் போயிற்று. மனைவியைக் கூப்பிட ஆன்செல் வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. வயதும் எழுதியபடியே நின்றது. மகன் பத்து வருஷம் ஒரே கால்சட்டையில் விறகு பொறுக்கினான். 1860இல் கணக்கர் திரும்பி வந்து 44, 19 என்று எழுதிய மத்தியானம், சட்டைப் பொத்தான்கள் தெறிக்க அவனுக்கு மீசை முளைத்தது. அவன் தாய்க்கு, அதாவது பெரியம்மாவுக்கு, முன்தலை நரைத்தது.

அடிமை முறை ஒழிந்தபின், 1870இல், எல்லோருக்கும் பெயர் எழுத உத்தரவு. மகன் ரூபன் என்று ஒரு புதுப்பெயரைச் சொல்லி எழுதவைத்தான். அதன்பின் மற்றவர்களைப் போல மூத்தான், செத்தான். அவன் வழி வந்தவர்கள்தாம் இந்தச் சகோதரிகள். பெரியம்மாவோ, பெற்றவள் வைத்த பெயரைத் திருப்பித் தந்தால் போதும், புதுசு வேண்டாம் என்றாள். பெயரில்லாதவளை எழுத முடியாது என்று கணக்கர் போய்விட்டார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதே பதில். எழுதப்படாததால் அவளுக்கு வயதும் ஏறவில்லை, சாவும் வரவில்லை.

மறுநாள் குடும்பக் கூடல். அங்கே வைக்கப்போகும் குடும்ப நினைவுக்கல்லில் செதுக்குகிறவர் மாலைக்குள் பெயர்களைக் கேட்டிருந்தார். எழுபத்திரண்டு வயது வெர்லீன் பெரியம்மா பக்கம் திரும்பி, ஆன்செல் உனக்குப் புருஷனா, எஜமானனா, நீயே சொல் என்று கேட்டாள்.

பெரியம்மா கீரையை ஒதுக்கிவைத்தாள்.

“கணக்கெழுத வந்தவன்கிட்ட அவரு எங்க பேரை மூணு தடவை சொன்னாரு. ‘இந்தப் புத்தகத்துல பேருக்குக் கட்டம் கிடையாது’ன்னுட்டான் அவன். அந்தப் புத்தகத்தை நம்பி நீ அவரை ஏசுற. அவரு பேரைப் போடுங்க, போடாமப் போங்க. எனக்கு என்னன்னுடி செதுக்கப் போறீங்க?”