சில்லுப் பெட்டி

புது அச்சுகள் வந்த பிறகும் கழிவு குறையவில்லை. அது ஏன் என்று ஃப்ளோராவுக்குப் புரியவில்லை.

திருவொற்றியூரில் அவள் வேலை பார்த்த ஆலை, மருந்துக் கம்பெனிகளுக்கு வெள்ளைக் கண்ணாடி பாட்டில்கள் செய்து கொடுத்தது. நூறு பாட்டில் செய்தால் பதினெட்டு, சோதனை மேசையில் கழிந்துவிடும். அச்சுகள் தேய்ந்துவிட்டதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அச்சு தேய்ந்திருந்தால் பாட்டிலின் கழுத்தில் தையல் போட்டதுபோல ஒரு மேடு நிற்கும்; மூடி சரியாக உட்காராது. அதனால் அந்த ஆண்டு, 1974 ஜூனில், புது அச்சுகளை வரவழைத்தார்கள். கழுத்து மேடு அநேகமாக மறைந்தே போனது. ஆனால் ஜூலைக் கணக்கைப் பார்த்தால் மறுபடியும் நூற்றுக்குப் பதினெட்டு. கழுத்தால் கழிந்தவை எவ்வளவு குறைந்திருந்தனவோ, குமிழியால் கழிந்தவை அவ்வளவு கூடியிருந்தன. உலையில் எதுவும் மாறவில்லை. மணலும் மாறவில்லை. குமிழி மட்டும் எங்கிருந்து வந்தது?

ஃப்ளோரா அடக்கவிலைப் பிரிவில் குமாஸ்தா. மாலையில் இரண்டு பஸ் மாறி சேப்பாக்கத்துக்குப் போய், நிர்வாகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அது கடைசி வருடம். நிர்வாகக் கட்டுப்பாடு என்ற பாடத்தில் அவள் ஓர் ஆய்வு எழுதித் தர வேண்டும். கட்டுப்பாடு என்றதும் பிரம்போடு நிற்கும் மேஸ்திரியைத்தான் ஆலையில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அந்தப் பாடம் பிடித்ததற்குக் காரணமே வேறு. ஒரு பெரிய தொழிற்சாலையில் யாராலும் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனாலும் நூற்றுக்கணக்கான பேர் ஒரே திசையில் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு இலக்கு, ஒரு கணக்கு, ஒரு பொறுப்பு வைக்கிறார்கள். அந்தக் கணக்குகளைச் சரியாகப் பொருத்தினால் ஆலை தானாக ஓடும். தப்பாகப் பொருத்தினால் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தும் ஆலை நஷ்டத்தில் ஓடும். இந்த இரண்டாவது விஷயம்தான் அவளை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது.

மேனேஜர் மனோகரனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தலைமை அலுவலகத்தில் கெஞ்சி அவர் வாங்கிய அச்சுகள் அவை. இப்போது அவருடைய சந்தேகம் சோதனை மேசையின் மேல் விழுந்தது. அங்கே தற்காலிகமாக வேலை பார்த்த ஆறு பெண்களுக்குப் பாட்டில் பார்க்கத் தெரியவில்லை, நல்லதையும் தூக்கிப் போடுகிறார்கள், ஆகஸ்ட் கடைசியோடு அவர்களை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த ஆறு பேரில் ஒருத்தி சிலுவையம்மாள். பல வருடங்களாகத் தற்காலிகம் என்றே வேலை செய்துவந்தாள். ராயபுரத்தில் ஃப்ளோராவின் பக்கத்து வீடு. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் சம்பளத்தில்தான்.

ஃப்ளோரா மேனேஜரின் அறைக்குப் போனாள். ஆகஸ்ட் முடிவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தருவதாகவும், அதுவரை அந்த உத்தரவை நிறுத்தி வைக்கும்படியும் கேட்டாள். அவர் ஒப்புக்கொண்டார். கண்டுபிடிக்க முடியாவிட்டால் உத்தரவு அப்படியே போகும் என்றும் சொன்னார்.

முதலில் அவள் நினைத்ததெல்லாம் தவறாகப் போயிற்று. இயந்திரத்தின் வேகம் காரணமாக இருக்கலாம் என்று பார்த்தாள். வேகம் குறைந்த நாளிலும் பதினெட்டுதான். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பிரித்துப் பார்த்தாள். எல்லா ஷிஃப்டிலும் அதைச் சுற்றியேதான் நின்றது. ஒரு எண் இப்படி அடம்பிடித்து ஒரே இடத்தில் நிற்பதை அவள் பார்த்ததில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு தண்ணீர்த் தொட்டியை வரைந்தார். தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி வால்வைத் திறக்கும், ஏறினால் மூடும். கீழே எத்தனை குழாயைத் திறந்தாலும் தொட்டியில் தண்ணீரின் மட்டம் மாறாது. ஃப்ளோரா அந்தப் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தவள் பாதியில் பேனாவை நிறுத்தினாள். கழுத்துக் கழிவை அவ்வளவு வடித்துவிட்டும் பதினெட்டின் மட்டம் இறங்கவில்லை. அப்படியானால் அந்த ஆலையில் எங்கோ ஒரு மிதவை இருக்கிறது. யாரோ ஏதோ ஒன்றைப் பார்த்து, அந்த எண்ணை அதே இடத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். மிதவை கணக்கில் தெரியாது. இறங்கிப் போய்த்தான் தேட வேண்டும்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தையெல்லாம் சோதனை மேசைக்குப் பக்கத்தில் கழித்தாள். உலையில் உருகிய கண்ணாடி இயந்திரத்தில் பாட்டிலாகி, மெதுவாக ஆறவைக்கும் நீண்ட அடுப்புக்குள் ஊர்ந்து, மறுமுனையில் வெளியே வரும். அங்கே பெண்கள் ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே திருப்பிப் பார்ப்பார்கள். குமிழி கடுகளவு இருந்தால் போகட்டும். மிளகளவு இருந்தால் கழிவு. அதுதான் விதி. கடுகுக்கும் மிளகுக்கும் இடையில் இருப்பதை என்ன செய்வது என்று விதி சொல்லவில்லை. கழிந்த பாட்டில்கள் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியில் விழுந்து சில்லாகும்.

"இன்னா காலேஜு, எங்க மூஞ்சிய பாத்துகினு நின்னா பாஸ் போட்ருவாங்களா?" என்றாள் சிலுவையம்மாள். மேசை முழுக்கச் சிரித்தது. ஃப்ளோராவும் சிரித்தாள். ஆனால் நகரவில்லை.

சில நாள் கழித்து அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. உலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்து சில்லுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஷவலால் பெட்டியின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினான். போய்விட்டான். யாரும் தலை நிமிரவில்லை, பேசவும் இல்லை. ஆனால் அதுவரை பெட்டியில் எப்போதோ ஒன்று விழுந்துகொண்டிருந்த பாட்டில்கள் இப்போது அடிக்கடி விழுந்தன. பெட்டி நிறைந்த பிறகு மறுபடியும் குறைந்தன.

மிதவை அதுதான்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சிலுவையம்மாளிடம் கேட்டாள். சிலுவையம்மாளுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. உலை ஆட்கள் தினமும் பெண்களின் சாப்பாட்டுத் தூக்குகளை வாங்கி உலை ஓரத்தில் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நேற்று வைத்த மீன்குழம்பு இன்று கொதிக்கக் கொதிக்க வரும். அந்த உதவிக்கு இந்த உதவி.

"பொட்டி காலியா கீதுன்னு தட்றான். கடுகா மொளகான்னு சந்தேகமா கீறத அந்தாண்ட போடறோம். நல்லத ஒடைக்கறோமா இன்னா?"

புது அச்சால் கழுத்துக் கழிவு குறைந்து பெட்டி காலியானதும், அந்தக் குறையைச் சந்தேகக் குமிழிகள் நிரப்பியிருக்கின்றன. உலைக்குச் சில்லு ஏன் அவ்வளவு வேண்டும் என்பது ஃப்ளோராவுக்குத் தெரியும். மணலும் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் முதல்முறை உருகிக் கண்ணாடியாவதற்கு நிறைய சூடு தேவை. ஒருமுறை கண்ணாடியானது மறுமுறை சீக்கிரம் உருகும். அதனால் கலவையில் சில்லு கூடினால் உலை எண்ணெய் மிச்சமாகும். அந்த ஆண்டு எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. உலை ஃபோர்மேன் ரகுபதியின் தலையில், இவ்வளவுக்கு மேல் எரிக்கக்கூடாது என்று ஓர் எண்ணெய் இலக்கைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் சில்லு வெளியிலும் கிடைக்குமே? வண்ணாரப்பேட்டையில் பழைய பாட்டில் வியாபாரிகளிடம் மலை மலையாகக் கிடக்கிறது. அதை ஏன் வாங்கவில்லை என்று ரகுபதியிடமே போய்க் கேட்டாள்.

"வெளி சில்லு வாங்குனா உலைக் கணக்குல ஏறும் தங்கச்சி. உள்ள வர்றது சும்மா வருது. சும்மா வர்றத்த வுட்டுட்டு எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா?"

அவனிடம் தப்பே இல்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. உலைக்குக் கொடுத்த இலக்கை உலை காப்பாற்றுகிறது. மேசைக்குக் கொடுத்த விதியை மேசை மீறவில்லை. மருந்துக் கம்பெனிக்கு விற்றிருக்கக்கூடிய பாட்டில்கள், எண்ணெய் மிச்சத்துக்காக மறுபடி உலைக்குள் போகின்றன. ஒரு பாட்டிலின் விலை எங்கே, அந்தச் சில்லில் மிச்சமாகும் எண்ணெயின் விலை எங்கே! ஆனால் அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கணக்கு ஆலையில் ஒருவரிடமும் இல்லை.

அவள் இதை எழுதப் போகிறாள் என்பது மேசைக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சிலுவையம்மாள் அவளை மறித்தாள்.

"நீ படிச்சி பாஸாவறதுக்கு என் சோத்துல மண்ணு போடுவியா?"

"எழுதாங்காட்டியும் மாசக் கடைசில நிறுத்தத்தான் போறாங்கக்கா."

"எழுதிட்டா இன்னிக்கே நிறுத்துவாங்க. அவ்ளோதான வித்தியாசம்?"

சிலுவையம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு பஸ்ஸில்கூடத் தள்ளியே உட்கார்ந்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. யார் செய்தார்கள் என்று எழுதினால் ஆறு பேர் போவார்கள், ரகுபதிக்கும் மெமோ வரும். அவர்களுடைய இடத்தில் வேறு ஆட்கள் உட்காருவார்கள். பெட்டி காலியாகும். யாராவது வந்து தட்டுவார்கள். பதினெட்டு அங்கேயே நிற்கும். ஃப்ளோரா ஒரு முடிவுக்கு வந்தாள். காரணத்தை மட்டும் எழுதினால் போதாது. பெட்டியைத் தட்ட அவசியமே இல்லாத ஓர் ஏற்பாட்டைச் செய்து, அது ஓடுவதைக் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மேனேஜரிடம் ஒரு பரிசோதனைக்கு அனுமதி கேட்டாள். சில நாட்களுக்கு வெளிச் சில்லு வாங்கி, ஷிஃப்ட் தொடங்கும்போதே பெட்டியை நிரப்பி வைக்க வேண்டும். செலவு உலைக் கணக்கில் ஏறக்கூடாது. அவர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார். வண்ணாரப்பேட்டையிலிருந்து கைவண்டிகளில் சில்லு வந்து இறங்கியது. யாரும் பெட்டியைத் தட்டவில்லை.

ஆனால் உலைக்குள் போட்டது பாட்டிலாக வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரண்டாம் நாள் வந்த பாட்டில்கள் எல்லாம் லேசான பச்சை. வெளிச் சில்லில் சோடா பாட்டில் உடைசலும் கலந்திருந்தது. மருந்துக் கம்பெனி பச்சை பாட்டிலைத் தொடாது. மொத்தமும் கழிவு.

"காலேஜு நம்பள பேஜார்ல வுட்டுச்சு மாமு," என்று உலைப் பக்கத்தில் ஒருவன் சொன்னது அவள் காதில் விழும்படியே இருந்தது. மேனேஜர் கூப்பிட்டு, இதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஃப்ளோரா நின்ற இடத்திலேயே நின்று, இன்னும் ஒரே ஒரு முறை என்றாள். அவர் அரைமனதோடு சம்மதித்தார்.

நேராக சோதனை மேசைக்குப் போனாள். பெண்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. உலைக்குப் போகும் முன்பு வெளிச் சில்லில் பச்சையையும் பழுப்பையும் பொறுக்கித் தர முடியுமா என்று கேட்டாள். சந்தேகமான பாட்டிலை ஒதுக்கும் வேலைதான் குறையப் போகிறதே, அந்த நேரத்துக்கு இது என்றாள்.

"இத்த செஞ்சா எங்கள வெச்சிக்குவாங்களா?" என்றாள் சிலுவையம்மாள்.

"வேல இருக்குன்னு காட்டிட்டா, ஆள் வேணும்னு நான் சொல்ல முடியும்கா."

சிலுவையம்மாள் எழுந்து, பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சில்லுக் குவியலுக்குப் போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

அந்த முறை பாட்டில்கள் வெள்ளையாகவே வந்தன. பெட்டி நிறைந்தே இருந்தது. கழிவு பதினொன்றுக்கு இறங்கியது, அங்கேயே நின்றது. தூக்குகள் வழக்கம்போல உலை ஓரத்தில் சூடாகிக்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மேனேஜர் அவளுடைய அறிக்கையைப் படித்து முடித்து, மேஜைமேல் வைத்தார். இத்தனை நாளும் நல்ல பாட்டிலைத் தூக்கிப் போட்டது யார் என்று கேட்டார். அறிக்கையில் ஒரு பெயர்கூட இல்லையே என்றார்.

"யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் சார் செய்வாங்க. உலையில நீங்க இருந்தா நீங்களும் சும்மா வர்ற சில்லத்தான் கேட்டிருப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நிறுத்தி வைத்திருந்த உத்தரவை டிராயரிலிருந்து எடுத்து, இனி இது வேண்டாம் என்பதுபோல அவள் பக்கம் தள்ளினார்.

"சரி. இனிமே என்ன செய்யணும், அத மட்டும் சொல்லு."

ஃப்ளோரா சொன்னாள். உள்ளே உடைகிற சில்லு இனி உலைக்குச் சும்மா போகக்கூடாது. வெளிச் சில்லுக்கு என்ன விலையோ அதே விலையை உலைக் கணக்கில் எழுத வேண்டும். உலையின் எண்ணெய் இலக்கை வைக்கும்போதே கலவையில் இவ்வளவு சில்லு என்று நிரந்தரமாக வைத்து, அதை வாங்கும் பணத்தையும் அந்தக் கணக்கில் ஒதுக்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும் முன்பு பெட்டி வெளிச் சில்லால் நிறைந்திருக்க வேண்டும். அந்தச் சில்லில் நிறம் பிரிக்கும் வேலைக்கு அந்த ஆறு பெண்களையும் நிரந்தரமாக்க வேண்டும். சோதனை மேசையில், போகலாம் என்று சொல்லக்கூடிய மிகப் பெரிய குமிழியோடு ஒரு மாதிரி பாட்டில் நிற்க வேண்டும். அதைவிடச் சின்னது எல்லாம் போகும், பெரியது எல்லாம் கழியும்.