ராசியான அறை

விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி தரும் குழு பத்தே காலுக்கு ஆய்வகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் எலிகளைப் புதிய கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்றார் துறைத்தலைவர். அவை இருந்த பின்னறை அவருக்குப் பிடிக்காது. நாற்றம். போட்டால் உறுமும் விசிறி. புதிய கூடத்தில் கண்ணாடிச் சுவர் இருந்தது. அதில் அவர் தம்மைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்வு மாணவி கதவை மறித்து நின்றாள். அவள் கணவனுக்குத் தகப்பன் அவர். வழிகாட்டியும் அவரே, பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். இரண்டில் எது பெரிய தப்பு என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

“மாமா, இதுங்களுக்கு மார்ஃபின் இந்த ரூம்லதான் பழக்கம். விசிறிச் சத்தம் கேட்டாலே ஒடம்பு எதுத்து நிக்கத் தயாராயிடுது. அதனாலதான் இவ்வளவு தாங்குது. வேற எடத்துல இதே அளவு போட்டா மூச்சு நின்னுடும்.”

“எலிக்கு ராசியான ரூமா? நல்ல நேரமும் பாத்துச் சொல்லேன்.”

“கிண்டல் பண்ணாதீங்க. இதைச் சோதிக்கத்தான் அனுமதி கேட்டிருக்கேன். நாலஞ்சு எலிக்கு. அதுவே இன்னும் வரல.”

“நீ படிக்கிறவ. நான் படிச்சு முடிச்சவன். மருந்துன்னா அளவு, அவ்வளவுதான். நேத்து தாங்கினது இன்னிக்கும் தாங்கும். போ, வாசல்ல நின்னு வர்றவங்களைக் கூட்டிட்டு வா. சிரிச்ச மொகமா.”

அவள் போனாள். சிரிக்கவில்லை.

குழுவோடு திரும்பியபோது கூண்டுகள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்தன. தலைவர் தாமே ஊசி போட்டு முடித்திருந்தார்.

“எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. எல்லாம் பழக்கம். பழகாத எலின்னா செத்தே போயிருக்கும்.”

குழுவினர் தலையாட்டினர். ஒருவர் படம் எடுத்தார். குழுவில் ஒருவரான கால்நடை மருத்துவர் அம்மாள் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஓர் எலியை விரலால் தள்ளினார். தள்ளிய இடத்திலேயே அது கிடந்தது.

“அமைதிதான்,” என்றார் அந்த அம்மாள். “இதுக்கு மேல அமைதியே கெடையாது.”

மாணவி ஒவ்வொரு கூண்டாகத் திறந்து எலிகளின் நெஞ்சில் விரல் வைத்தாள். மூன்று ஆண்டு உழைப்பு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

தலைவர் முகம் வெளுத்தது. பிறகு, கூச்சம் என்ற ஒன்று இல்லாதவர்களுக்கே வாய்க்கும் வேகத்தில் தேறியது.

“எதிர்பார்த்ததுதான். எடம் மாறினா அதே அளவே கொல்லும். அதை உங்களுக்குக் கண்ணாலயே காட்டணும்னு நெனச்சேன்.”

குப்புற விழுந்தவரின் மீசையில் மண்ணே இல்லை.

“அப்போ பாதி எலிக்குப் பழைய ரூம்லயே போட்டிருக்கணுமே? ஒப்பிட்டுப் பாக்க? அதுங்க எங்க?” என்றார் மருத்துவர்.

“அது அடுத்த கட்டம்.”

“அடுத்த கட்டத்துக்கு ஒண்ணுகூட மிச்சம் இல்லையே. சரி, திட்டம் போட்டுக் கொல்ல அனுமதி யார் குடுத்தா?”

தலைவர் மருமகள் பக்கம் திரும்பினார். வீட்டில்கூட அவள் கேட்டிராத கனிவு அந்தக் குரலில் இருந்தது.

“சொல்லும்மா. நீயும் நானும் சேந்து எடுத்த முடிவுதானே இது?”