வாசப்படிக்குப் போன சோறு

எண்பத்தாறுல மம்சாபுரம் பால்வாடியில நான் ஆயாவா இருந்தேன். நடக்க மாட்டாத ஒரு பிள்ளைக்கு ஒரு வருசம் வீடு தேடிப் போய்ச் சோறு குடுத்தேன். வெள்ளைத்தாய் மனசு யாருக்கு வரும்னு ஊரே என்னை மெச்சுச்சு. எனக்கும் தலைகால் புரியலை. இப்ப நினைச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கிடலாம்போல இருக்கு.

பிள்ளை பேரு அழகுத்தாய், நாலு வயசு. இடுப்புக்குக் கீழ பலம் கிடையாது, வாய் மட்டும் ஊருக்குக் காணும். ஆத்தாக்காரி இருளம்மாளுக்கு ராஜபாளையத்து மில்லுல வேலை. விடியமுன்ன பஸ் ஏறினா சாயங்காலந்தான் வருவா. அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கண்ணு பாத்துக்கிடுவா, பிள்ளை வாசப்படியில சாக்குமேல உக்காந்திருக்கும். பால்வாடி ரெண்டு வீடு தள்ளித்தான். டீச்சர் பாட்டுச் சொல்லிக் குடுத்தா அங்கன இருந்தே கூடப் பாடும். கையாட்டுறதுதான் தப்புத் தப்பா வரும். கண்ணால பாத்தாத்தானே?

சேத்துக்கிடச் சொல்லி இருளம்மா மொதல்லயே கேட்டா. நாந்தான் தடுத்தேன். நாப்பது பிள்ளைக கெடக்கு, விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்ல? பேரை எழுதிக்கிடுவோம், சோத்தை நானே கொண்டாரேன்னேன். டீச்சரும் சரின்னுட்டாக.

மாசியில ஒரு நாள் இருளம்மா லீவு போட்டு வீட்டுல இருந்தா. நான் தட்டை நீட்டினேன், வாங்கலை.

"எம்பிள்ளைக்குச் சோறு நான் பொங்கிருவேன் மதினி. கூட உக்கார பிள்ளைகளை எங்கன போய்ப் பொங்க?"

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. நன்றி கெட்ட சிறுக்கின்னு நாலு வார்த்தை விட்டுட்டு வந்தேன். மறுநாள் வீம்புக்குச் சோறு கொண்டு போகலை. மனசு கேக்காம எட்டிப் பாத்தா, அழகுத்தாய் ஆத்தா வச்சிட்டுப் போன கஞ்சியத் தொடலை. கிண்ணத்துக்குப் பக்கத்துல நாலு கொட்டாங்குச்சிய வரிசையா வச்சு, ஏட்டி தள்ளி உக்காரு, சிந்தாமத் தின்னுன்னு ஒவ்வொண்ணையும் அதட்டிக்கிட்டு இருக்கா.

அவளை அப்படியே இடுப்புல தூக்கியாந்து, பிள்ளைகளோட சுவரு மூலையில சாச்சு உக்கார வச்சேன். டீச்சர் மொறைச்சாக. ஆய் இருந்தா நான் கழுவுதேன், நீங்க பாட்டைச் சொல்லுங்கன்னுட்டேன். அவ விழவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மத்ததுக நாலு நாள் வேடிக்கை பாத்துச்சுக, அஞ்சாம் நாள் அவகூடச் சண்டை போட்டுச்சுக. அன்னைக்கு அவ மூஞ்சியில இருந்த சந்தோசத்தை நான் எங்கயும் கண்டதில்லை.

எல்லாம் ஒன்றரை மாசந்தான். சித்திரையில அஞ்சு வயசு முடிஞ்சுருச்சுன்னு பேரை எடுத்துட்டாக. பெரிய பள்ளிக்கூடத்துல, தூக்கி எறக்க எங்களுக்கு ஆள் கிடையாதுன்னு கையை விரிச்சுட்டாக.

கடைசி நாள் அவளை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். என் கழுத்தைக் கட்டிக்கிட்டுக் காதுல சொல்லுதா:

"எனக்கு இன்னும் நாலு வயசுதான்னு டீச்சர்ட்ட சொல்லு ஆயா."

அந்த நாலு வயசு பூராவும் அவளை வாசப்படியில உக்கார வச்சவ நாந்தானே.