பிறந்த வீட்டுக் கோடி

செத்துப்போன ஆத்தாவைக் குளிப்பாட்டுகையில் மூன்றாவது குடத்தைத்தான் சண்முகவடிவால் ஊற்றி முடிக்க முடியவில்லை. முதல் இரண்டு குடங்களையும் அன்றாட வேலைபோல, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்து வந்து ஊற்றிவிட்டாள். மூன்றாவதில் ஆத்தாவின் நரைமயிர் நெற்றியில் ஒட்டிக்கொண்டதும், அதை ஒதுக்கிவிட ஆத்தாவின் கை எழும்பவில்லையே என்று பட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணுதான் குடத்தை வாங்கி மீதியை ஊற்றினாள்.

வாசலில் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் துரை நாலு மணிவரைதான் ஆள்களை வேலையிலிருந்து விட்டிருந்தார். தேயிலைக் கொழுந்து யார் செத்தாலும் நிற்காமல் வளர்கிற சாதி. அதற்குள் ஆத்தா காளியாயியை மேட்டு இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மகள் வடிவு வாங்கிய சேலையை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, வாசல் பந்தலில் கிடத்தினார்கள். இனி மேலே போர்த்தக் கோடி வர வேண்டும். பெண்ணாகப் பிறந்தவள் எத்தனை வயதில் செத்தாலும், பிறந்த வீட்டுப் புதுத்துணி மேலே விழுந்த பிறகுதான் தூக்குவது வழக்கம்.

"அண்ணன் தம்பி வழியில ஆரு வந்திருக்கா?" என்று பெரிய கங்காணியின் பெண்சாதி சிவகாமசுந்தரி கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வடிவின் தகப்பன் செத்தபோது காளியாயிக்குக் கோடி போட ஒருவரும் வரவில்லை. அந்தப் பேச்சை லயத்துப் பெண்கள் இன்னும் மென்று முடிக்கவில்லை. இப்போது பிணத்துக்கும் இல்லையென்றால் நாதியற்றவள் என்று பேர் நிலைத்துவிடும்.

வடிவு இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இடுப்பு முடிச்சில் விரல் நீளச் சிட்டம் ஒன்று இருந்தது, பழுப்பேறிய கைநூல். போன வாரம் ஆத்தா அதைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சொல்லியிருந்தாள்.

"குளிப்பாட்டினதும் கால்கட்டுக்கு இந்த நூலுதான். பொறந்த வீட்டு ஆளுக துணி என் மேல படக்கூடாது. எங்க ஆத்தாளுக்குப் போடாத கோடி எனக்கு எதுக்கு?"

ஆத்தா அதிகம் பேசுகிறவள் இல்லை. அறுபத்தெட்டு வருஷக் கதையை அங்கங்கே கிள்ளிக் கிள்ளித்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது ஏழு கடலுக்கு அப்பால் வெள்ளைக்காரர்கள் ஒரே நாட்டுக்குள் இரண்டாகப் பிரிந்து நாலு வருஷம் வெட்டிக்கொண்டார்களாம். அது அமெரிக்கா என்று பின்னாளில் தோட்டத்துக் கிளாக்கர்தான் சொன்னார். ஆத்தாவுக்கு அது கடைசிவரை அண்ணன் தம்பிச் சண்டைதான். அந்த நாட்டுப் பஞ்சு கப்பலேறாமல் போனதும் சீமை மில்காரர்களுக்குக் கோவில்பட்டிக் கரிசல்காட்டின் ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சு விலை ஏறியது. கம்பும் சோளமும் விளைந்த காடெல்லாம் பருத்தியானது. ஆம்பிளைகள் காதில் கடுக்கன் மின்னியது. ராட்டை சுற்றிய பெண்களுக்கோ ஒரு கைப்பிடிப் பஞ்சு மிஞ்சவில்லை. தான் நூற்ற நூலைச் சந்தையில் கொடுத்து உப்பும் மிளகாயும் வாங்கி வந்த காளியாயியின் தாய், அதற்கும் புருஷன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி எந்த ஆம்பிளையும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு சண்டை நின்றது. விலை படுத்தது. மழையும் பொய்த்தது. வீடு நிறையப் பருத்தி இருந்தது. பருத்தியை யாரும் தின்ன முடியாது. இலங்கைத் தோட்டத்துக்குக் கங்காணி வந்து ஆள் கேட்டபோது தகப்பன் வீட்டை இரண்டாகப் பங்கு வைத்தான். காட்டைப் பார்க்க மகன் வேண்டும். பெண்டாட்டியும் மகளும் கண்டிச் சீமைக்குப் போகட்டும். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்ததில், தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் தாய் பேதி கண்டு செத்தாள். கூட வந்தவர்கள் இலை தழையைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்கள். எட்டு வயதுக் காளியாயி தாயின் இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டது, ராட்டை நிற்பதற்கு முன் அவள் கடைசியாக நூற்ற இந்தச் சிட்டத்தைத்தான்.

தப்புச் சத்தம் ஒரு நொடி நின்றது. ஆட்கள் வழிவிட்டார்கள். கறுப்புக் கோட்டும் கையில் குடையுமாக, தலவாக்கலை ஜவுளிக்கடை நாகலிங்கம் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கக்கத்தில் காகிதப் பொட்டலம்.

காளியாயியின் அண்ணன் மகன் அவர். கடை போட்ட புதிதில் அத்தையைத் தேடிக் கண்டுபிடித்தார். பத்து வருஷமாகத் தீபாவளிக்குத் தீபாவளி சேலை கொடுத்தனுப்புவார். அதே ஆள் கையில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் ஆத்தா அன்றைக்கு எண்ணெய் வைப்பாள். வடிவுக்கு அந்தச் சேலைகள்மேல் ஆசை இருந்தது. ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

நாகலிங்கம் பந்தலுக்குள் வந்து அத்தையின் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்தார். நல்ல அரக்குச் சேலை, கஞ்சி மொடமொடப்புக்கூடக் கலையவில்லை. சிவகாமசுந்தரியின் முகத்தில் இருந்த கேள்வி போய்விட்டது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த ஒரு துணி விழுந்துவிட்டால் ஆத்தா மரியாதையோடு போய்விடுவாள், லயத்து வாயெல்லாம் அடைத்துவிடும். ஆத்தா சொன்ன வாக்கைக் கேட்டவர் வேறு யாருமில்லை. வடிவுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அழுகையாக வந்தது. ஆத்தாமேல் கோபமாகவும் வந்தது.

சேலையை விரித்த கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க மொதலாளி. ஆத்தா வேணாம்னு சொல்லிருச்சு."

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. நாகலிங்கம் வாதாடவில்லை. சேலையை மடிக்கத் தெரியாதவர்போல நெடுநேரம் மடித்தார். ஜவுளிக்கடைக்காரர் அவர்.

"எங்கய்யா சாகுறப்ப ஒண்ணு சொன்னாரு, வடிவு" என்றார் மெதுவாக. "ஊர் எல்லை வரைக்கும் அத்தை அவரு கையப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சாம். விடமாட்டேன்னு நின்னுச்சாம். அவுத்து விடுடான்னு தாத்தா அதட்டவும், இவருதான் ஒவ்வொரு வெரலா அவுத்து விட்டிருக்காரு. அப்ப அவருக்குப் பத்து வயசு."

அண்ணன் கையை விட்டுவிட்டான் என்று மட்டும்தான் ஆத்தா சொல்லியிருந்தாள். விரல்களைச் சொன்னதில்லை.

வடிவு கீழே பார்த்தாள். குளிப்பாட்டும்போது அவிழ்த்த கால்கட்டை இன்னும் யாரும் கட்டவில்லை. பாதங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சிட்டத்தை எடுத்தாள். துணிதான் படக்கூடாது என்று சொன்னாள் ஆத்தா. கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது ஏமாற்றுதானா என்று யோசிக்க நேரமில்லை. மணி மூன்றரை ஆகியிருந்தது.

"இது அவுக ஆத்தா நூத்தது. நீங்க கட்டுங்க, மச்சான்."

நாகலிங்கம் கோட்டைக் கழற்றி அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தார். ஈரத்தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே நூல் அற்றது. அற்ற முனைகளை நாக்கில் நனைத்து, பெருவிரலில் வைத்து முறுக்கி ஒட்டினார். மறுபடி அற்றது, மறுபடி ஒட்டினார். கடைசியில் நாலு இழையாகத் திரித்து, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். அது நின்றது. பிறகு சிவகாமசுந்தரிதான், பிறந்த வீட்டு நூல் பட்டாயிற்று, கோடி முறை முடிந்தது, தூக்கலாம் என்று சொன்னாள். அந்தப் பொம்பளையிடமிருந்து வடிவு அதை எதிர்பார்க்கவில்லை.

வாசல் முடுக்குவரைதான் பெண்கள் போகலாம். பாடை தேயிலைக்குள் ஏறி வளைந்து மறைகிற வரை வடிவு நின்றாள். திரும்பி வந்து பந்தலடியைக் கூட்டத் தொடங்கினாள். பூவும் அரிசியுமாகக் குமிந்த குப்பையில் நாலு விரல் நீளம் நூல் கிடந்தது. எடுத்து ஊதினாள். வைக்க இடம் தெரியாமல் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டாள்.

ஆம்பிளைகள் பீலியில் குளித்துவிட்டு வர ஐந்து மணி ஆனது. அவள் புருஷன் அழகுமுத்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். குழிக்குள் இறக்குமுன் கட்டுகளை அவிழ்த்துவிடுவது முறை, வாய்க்கட்டை அவிழ்த்தாயிற்று. கால்கட்டுக்கு வந்தபோது மட்டும் நாகலிங்கம் தடுத்துவிட்டார்.

"அவுக்கணும்னு எல்லாரும் சொன்னோம். 'எங்கய்யா ஒருக்கா அவுத்ததே போதும்'னுட்டாரு அவரு. அப்படியே மூடிட்டோம்."

வடிவு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். சேலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையை விரிக்காமலே நாகலிங்கம் தூறலில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

அம்மாக்கண்ணு கஞ்சி கொண்டுவந்தாள். காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை, கையைக் கழுவிக்கொண்டு குடி என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். வடிவு இரண்டு கையையும் நீட்டி, நூல் சுற்றிய அந்த ஒரு விரலை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுவினாள்.