வெள்ளிக்கிழமைக் குளிசை

ஞானாம்பிகை ரீச்சருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று சண்டிலிப்பாயில் எவராவது சொன்னால், அவருக்கு நாலாம் வகுப்பில் பிள்ளை இல்லை என்று அர்த்தம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் வந்தார்கள். சிக்கல் என்னவென்றால், கழித்தல் கணக்கில் தொடங்கும் பாடம் வௌவால் ஏன் தலைகீழாக நித்திரை கொள்கிறது என்பதில் போய் நிற்கும். கழித்தல் அப்படியே அந்தரத்தில் நிற்கும். வரவு இடாப்பை மூன்று தடவை மானிப்பாய் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாள். திருத்த வேண்டிய கொப்பிகள் வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டையாகக் கிடந்தன. ஊற்றிய தேத்தண்ணியைச் சூடாகக் குடித்த நாள் அவள் வாழ்க்கையில் இல்லை.

இருபத்தெட்டு வயதில் கிடைத்த வேலை அது. நிரந்தரமாக்குவதற்கு முன் வட்டாரக் கல்வி அதிகாரி வந்து பாடம் பார்க்க வேண்டும். முதல் தடவை வந்தவர் எழுதிவிட்டுப் போனது இதுதான்: 'பாடம் சுவையாக இருந்தது. எந்தப் பாடம் என்பது தெளிவாகவில்லை. இன்னொரு முறை பார்க்கப்படும்.' அதை அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் முகம் வாடிவிடும். அந்த இன்னொரு முறையும் பிழையாய்ப் போனால் வேலை போய்விடும். தகப்பன் இல்லாத வீட்டில் அந்தச் சம்பளத்தை விட்டால் அவளுக்கும் தாய் பராசக்திக்கும் வேறு பிடிமானம் இல்லை. அதைவிட, அந்த நாற்பது முகங்களை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது.

கூடப் படிப்பிக்கும் தங்கமுத்து ரீச்சர்தான் வழி சொன்னாள். லண்டனில் படித்துவிட்டு வந்த மனநல வைத்தியர் சீவரத்தினம், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் ஆட்களைப் பார்த்தார். மனநல வைத்தியர் என்று ஊரில் வாயைத் திறக்க முடியுமா? பல்லு டொக்டரிடம் போகிறோம் என்று பராசக்தி சொல்லி வைத்தாள். பக்கத்து வீட்டு இரத்தினம்மா ஒவ்வொரு முறையும் ஞானாம்பிகையின் வாயை உற்றுப் பார்த்து, எல்லாப் பல்லும் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு, அந்த டொக்டரை மனதார மெச்சினாள்.

டொக்டர் முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்:

"ரீச்சர், உங்களுக்கு விசரும் இல்லை, சோம்பலும் இல்லை. உங்கடை கவனம் ஓரிடத்திலை நிக்க மாட்டன் எண்டு அடம்பிடிக்குது. சின்னப் பிள்ளையளுக்குத்தான் உது வாறதெண்டு கனபேர் நினைக்கினம். வளந்த பிறகும் சிலபேரை விடாது. மருந்து இருக்கு."

நினைவு தெரிந்த நாளிலிருந்து 'உனக்கு ஒரு கவனமில்லை' என்ற ஏச்சைத் தின்று வளர்ந்தவள் அவள். அந்த அறையிலேயே விக்கி விக்கி அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். அது புரியாத பராசக்தி டொக்டரை முறைத்துப் பார்த்தாள்.

அந்த மருந்துக் குளிசையைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் ஒரு தடவை. "அளவு ஆளுக்காள் மாறும். அரையிலை துவங்கி மெல்ல மெல்லக் கூட்டிப் பாப்பம்," என்றார் டொக்டர். நாள் எப்படிப் போனது என்று இரவில் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதும் பொறுப்பைப் பராசக்தியிடம் கொடுத்தார். பராசக்தி அதோடு நிற்பாளா? வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் இறங்கி, மருந்து பலிக்க வேண்டும், மகள் இருபத்தொரு வெள்ளி விரதம் பிடிப்பாள் என்று நேர்ந்துவிட்டாள். தன்னை நேர்ந்துகொள்ள அவளால் முடியாது. விடிந்ததும் ஒரு தேத்தண்ணி குடிக்காவிட்டால் பராசக்திக்குத் தலை சுற்றும், கை நடுங்கும், வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் ஏச்சு விழும்.

அரைக் குளிசையைப் பராசக்தி பாக்குவெட்டியால் வெட்டினாள். ஒரு பாதி எப்போதும் எங்காவது தெறித்துப் பறந்தது. அரையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒன்றானபோதுதான் அதிசயம் நடந்தது. ஞானாம்பிகை ஒரே இருப்பில் நாற்பது கொப்பி திருத்தினாள். எழுந்தபோது தன் கையைத் தானே தொட்டுப் பார்த்தாள், இது நான்தானா என்று.

ஆனால் பராசக்தியின் கொப்பி வேறு கதை சொன்னது. நல்ல நாட்களுக்கு 'நல்லம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டவள், கெட்ட நாள் வந்தால் அரைப் பக்கம் எழுதினாள். இடாப்பைச் சந்தையில் விட்டது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பாதிப் பாடத்தில் பிள்ளைகளை மாங்காய் எண்ணக் கூட்டிப்போனது. டொக்டர் படித்துவிட்டு ஒன்றரை ஆக்கினார். கெட்ட நாட்கள் போகவில்லை. இரண்டாக்கினார். அப்போது பசி போயிற்று, நித்திரை போயிற்று, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு புதன்கிழமை பென்சில் விழுந்த சத்தத்துக்கு ஒரு பிள்ளையை அதட்டிவிட்டு, அது அழுவதைக் கண்டு வெட்கத்தில் குறுகிப்போனாள். தன் வகுப்பில் ஒரு பிள்ளை பயந்து அழுததை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

"இந்த மருந்து உங்களுக்குச் சரிவராது போலை," என்றார் டொக்டர், அடுத்த முறை போனபோது. "நிப்பாட்டுறதுதான் நல்லது."

ஞானாம்பிகை கதிரை நுனிக்கு வந்தாள். "டொக்டர், கல்வி அதிகாரி வாறார். கடிதம் வந்திட்டுது. பங்குனி இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. அதுவரைக்குமெண்டாலும்..."

"வெள்ளிக்கிழமையோ!" பராசக்தி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். "நாசமாப் போச்சு. இவள் வெள்ளிக்கிழமையிலை ஒருநாளும் ஒழுங்காய் இருந்ததில்லையே!"

டொக்டர் நிமிர்ந்தார். கொப்பியை இழுத்து, சுவரில் தொங்கிய கலண்டரோடு திகதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். குளிசை ஒன்றான பிறகு, அந்த ஒரு புதனைத் தவிர, அரைப் பக்கம் எழுதிய நாளெல்லாம் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமையிலை என்ன செய்யிறியள்?"

"விரதம்," என்றாள் பராசக்தி.

"விரதமெண்டால் குளிசை?"

"விரதத்திலை ஆர் டொக்டர் குளிசை போடுறது? மத்தியானப் பூசை முடியுமட்டும் பச்சைத் தண்ணியும் பல்லிலை படக்கூடாது."

டொக்டர் மகளைப் பார்த்தார். ஞானாம்பிகைக்கு முகம் சிவந்தது. கசாயம் குடித்தால் ஒரு கிழமைக்கு உடம்பில் ஊறி நிற்கும் என்று கேட்டு வளர்ந்தவள், வியாழன் போட்ட குளிசை வெள்ளிக்கும் நின்று பிடிக்கும் என்றுதான் நினைத்தாள்.

"அது பின்னேரத்துக்கிடையிலை உடம்பை விட்டுப் போயிடும், ரீச்சர். ஏன் விரதம்?"

"மருந்து பலிக்கத்தான்," என்றாள் பராசக்தி, இது கூடவா தெரியாது என்ற குரலில்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "ரெண்டு மாதமாய் வெள்ளியிலை போடாத குளிசைக்கு நான் அளவு கூட்டியிருக்கிறன்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேக்காமல் விட்டது என்ரை பிழை. ஒண்டுதான் உங்கடை அளவு. நாளையிலிருந்து ஒண்டு. வெள்ளிக்கிழமை என்ன செய்யிறதெண்டதை நீங்களும் பிள்ளையாரும் பேசி முடியுங்கோ."

திரும்பும் பஸ்ஸில் பராசக்தி மிஞ்சியிருந்த வெள்ளிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். நேர்த்திக்கடனை நடுவில் முறித்தால் பிள்ளையார் சும்மா விடுவாரா, அதுவும் அதிகாரி வருகிற அன்றைக்கே? விரதத்தை விடுவோம் என்று ஞானாம்பிகையும் கேட்கவில்லை. தாயின் நம்பிக்கையைத் தட்டிப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. குளிசை இல்லாமல் அந்த வகுப்பறையில் நிற்கவும் துணிவில்லை.

இருபத்திரண்டாம் திகதி விடிந்தது. குளித்துவிட்டு வந்தவளின் முன்னால் பராசக்தி நின்றாள். ஒரு கையில் இடியப்பம், மறு கையில் குளிசை.

"அம்மா, விரதம்?"

"நேந்தது நான். நானே பிடிக்கிறன். நேற்றுக் கோயிலுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான். பிள்ளையாருக்கு வேண்டியது ஒரு வீட்டிலை ஒரு வயிறு காயிறது. எந்த வயிறெண்டு அவர் பாக்கிறேல்லை."

"நீங்கள் தேத்தண்ணி குடிக்காமல் இருப்பியளோ?"

"விழுங்கு, பிள்ளை. எனக்கு இப்பவே தலை சுத்துது, நீ வேறை கதைச்சுக்கொண்டு நில்லாதை."

அதிகாரி ஏரம்பு வகுப்பின் கடைசி வாங்கில் வந்து குந்தினார். கழித்தல் கணக்கு. நானூற்றிரண்டில் நூற்றைம்பத்தேழு போனால் எவ்வளவு? நடுவில் இருக்கும் சைபரிடம் கடன் வாங்கும் இடம்தான் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம். சரியாக அந்த இடத்தில் ஒரு ஆட்டுக்குட்டி வாசலால் உள்ளே வந்தது. நாற்பது தலையும் திரும்பியது. ஆட்டின் இரைப்பையில் இருக்கும் நாலு அறைகளும் ஞானாம்பிகையின் மூளைக்கதவைத் தட்டின. அவளுக்குக் கேட்டது. கேட்டும் அவள் கரும்பலகையிலேயே நின்றாள். "சைபரிட்டை ஒண்டுமில்லை. அவர் ஆரிட்டைக் கேப்பார்?" என்றாள். "பக்கத்து வீட்டு நாலிட்டை!" என்று வகுப்பு கத்தியது. இருநூற்று நாற்பத்தைந்து வந்தது. நாற்பது கொப்பியிலும் வந்தது. பாடம் முடிந்து, மணி அடிக்க ஐந்து நிமிடம் மிச்சமும் இருந்தது.

"ஆட்டைக் கண்டனீங்கள்," என்றார் ஏரம்பு. "ஏன் விட்டனீங்கள்?"

"கழித்தல் முடியேல்லை, சேர்."

"இப்ப முடிஞ்சுதெல்லோ. பிள்ளையள் பாவம், சொல்லுங்கோ."

அந்த ஐந்து நிமிடமும் பிள்ளைகளோடு அவரும் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, நிரந்தரமாக்கும்படி அன்றைக்கே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

ஞானாம்பிகை வீட்டுக்கு ஓடினாள். மணி இரண்டரை. பராசக்தி குசினிச் சுவரில் சாய்ந்து, வெளிறிப்போய் இருந்தாள். முன்னால் வாழையிலையில் போட்ட சோறும் பருப்பும் ஆறிக் கிடந்தன. தொட்ட அடையாளம் இல்லை.

"அம்மா! விரதம் மத்தியானமே முடிஞ்சுதெல்லோ! ஏன் சாப்பிடேல்லை?"

"விரதம் முடிஞ்சுது," என்றாள் பராசக்தி பலவீனமாக. "உன்ரை பாடம் முடிஞ்சுதோ எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

ஞானாம்பிகைக்குச் சிரிப்பும் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையைக் கழுவிவிட்டு வந்து சோற்றைக் குழைத்து, தாயின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"முதல்லை சொல்லு."

"நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிறாராம்."

பராசக்தி வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணீர் கன்னத்தால் வழிந்து வாய்க்குள்ளேயே போயிற்று.

"பருப்புக்கு உப்புக் குறைவு எண்டு நினைச்சனான்," என்றாள். "இப்ப சரி. இன்னொரு பிடி தா."