நாற்பத்து மூன்று ஆக்சிஜன்

"நாப்பத்து மூணு ஆக்சிஜன்," என்று வில்கா வாத்தியார் கரும்பலகையைச் சாக்பீஸால் தட்டினார். "நெமேசியாம்மா, இது உப்பா, இல்ல கொச்சபாம்பா போற பஸ்ஸோட நம்பரா?"

வகுப்பு சிரித்தது. சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துச் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, விட்ட படிப்பைப் பிடிக்க வந்திருக்கும் ரொட்டிக்காரர்கள், தையல்காரிகள், லாரிக்காரர்கள். நெமேசியா கொண்டார்கோ மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வயதில், பாவாடை மடிப்பெல்லாம் சாக்பீஸ் தூளாக, தான் எழுதியதையே முறைத்துக்கொண்டு நின்றாள். Al₂SO₄₃.

"நீங்க சொன்னபடிதான சார் செஞ்சேன். அலுமினியத்தோட மூணைக் கொண்டுபோய் சல்ஃபேட் காலடியில வைன்னீங்க, வச்சேன். சல்ஃபேட்டோட ரெண்டை அலுமினியத்துக்குக் குடுன்னீங்க, குடுத்தேன்."

"அடைப்புக்குறி எங்கம்மா? சல்ஃபேட் ஒரு குடும்பம். ஒரு கந்தகம், நாலு ஆக்சிஜன், பிரியாம ஒண்ணா வரும். அந்தக் குடும்பத்தைச் சுத்தி ஒரு வேலி போட்டுட்டு, வேலிக்கு வெளிய நின்னு மூணுன்னு சொல்லணும். வேலி இல்லன்னா நாலும் மூணும் ஒட்டிக்கிட்டு நாப்பத்து மூணாயிடும். பதினோராவது தடவை சொல்றேன்."

"எனக்கு வர்ற மூட்டையில வேலி எதுவும் இல்ல சார்."

வாத்தியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு இருபத்தேழு வயது. அந்தக் கைக்குப் பின்னால் அவர் கண்ணை மூடி எதையோ எண்ணுவது அவளுக்குத் தெரிந்தது. எண்ணட்டும். அவளுக்கு மட்டும் என்ன குளுகுளுவென்றா இருந்தது?

அந்த உப்பை அவள் பதினெட்டு வருஷமாகக் கையால் அள்ளுகிறாள். கொல்பாமாயு ஊரின் தண்ணீர் அவள் கையிலிருந்துதான் போகிறது. ஆற்றுத் தண்ணீர் சேறாகத் தொட்டிக்குள் வரும். அதில் அலுமினியம் சல்ஃபேட்டைக் கரைத்து ஊற்றிக் கலக்கினால் சேறெல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கும். எவ்வளவு போட வேண்டும் என்று அவள் எந்தப் புத்தகத்தையும் கேட்டதில்லை. ஆற்றின் நிறத்தைப் பார்ப்பாள், ஒரு தம்ளரில் மொண்டு ஒரு சிட்டிகை போட்டுச் சுழற்றுவாள், அது சொல்லிவிடும். ஊரில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று யாரும் அவள் வாசலில் வந்து நின்றதில்லை.

இப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியை இயக்குபவர் பள்ளி இறுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம். மற்ற பாடமெல்லாம் அவள் தேறிவிட்டாள், சரித்திரம் உட்பட. வேதியியல்தான் பாக்கி. வருகிற சனிக்கிழமை பரீட்சை. நூற்றுக்கு ஐம்பத்தொன்று வாங்காவிட்டால் ஜனவரியிலிருந்து அந்த வேலை தண்ணீர்க் கூட்டுறவுத் தலைவர் செவெரோவின் அக்கா மகன் லிம்பர்ட்டுக்கு. லிம்பர்ட்டிடம் சான்றிதழ் இருந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவன் அம்மாவின் கடைச் சுவரில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறி சமைப்பவளிடம் போய் ஏட்டுச் சுரைக்காய் எங்கே என்று கேட்டார்கள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட ஏடு! ஒரே பொருளுக்கு மூன்று பெயர். பழைய முறைப்படி ஒன்று, ரோமன் எண் போட்டு ஒன்று, எண்ணிக்கையைச் சொல்லி ஒன்று. இரும்பு ரெண்டைக் கொடுத்தால் ஒரு பெயர், மூன்றைக் கொடுத்தால் வேறொரு பெயர். "எம் புருஷனுக்கு ஒரே பேருதான், அதையே நான் கூப்பிடறதில்ல," என்று பக்கத்துத் தையல்காரியிடம் முணுமுணுத்தாள். வாரம் முழுக்கத் தொட்டிக் கரையில் நோட்டை வைத்துக்கொண்டு, வறுத்த சோளத்தை மென்றபடி, நேர்மின் அயனி முன்னால், எதிர்மின் அயனி பின்னால் என்று உருப்போட்டாள். எழுதும்போது மட்டும் வேலி மறந்துபோனது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் மலையில் முதல் மழை கொட்டியது. காலையில் ஆறு காபி நிறத்தில் இருந்தது. அன்று தொட்டியைப் பார்த்துக்கொள்ள லிம்பர்ட் வந்திருந்தான்.

"நீங்க நிம்மதியாப் போங்கக்கா. நமக்குத் தெரியாததா?"

அவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். சொல்ல வேண்டியது ஏராளமாக இருந்தது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

வாத்தியார் எல்லோருடைய போனையும் வாங்கி மேஜை மேல் ஒரு ரொட்டிக் கூடையில் போட்டார். பதினொரு மணி பஸ்ஸில் விடைத்தாள்கள் மாவட்டத்துக்குப் போயாக வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது, பேசினால் தாள் பறிமுதல் என்றார். நெமேசியா எழுதத் தொடங்கினாள். சோடியம் குளோரைடு, சரி. கால்சியம் ஆக்சைடு, ரெண்டுக்கு ரெண்டு, அடித்துவிட்டு ஒன்றுக்கு ஒன்று, சரி. இரும்பின் இரண்டு பெயர்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எழுதினாள். பத்தரை மணிக்கு அவள் கணக்கில் நாற்பத்தைந்து மார்க் தேறியது. மிச்சம் இருந்தது கடைசிக் கேள்வி, பத்து மார்க். அலுமினியம் சல்ஃபேட்டின் வாய்பாட்டை எழுதுக. அவளுக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

கூடையில் ஒரு போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஆறாவது தடவை வாத்தியார் பொறுமையிழந்து எடுத்தார். "பரீட்சை நடக்குது. யாரு?" கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மாறியது. எழுந்து வெளியே போய் முற்றத்துக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து வந்து மேஜையில் வைத்தார். உள்ளே இருந்தது குழம்பு.

"நெமேசியாம்மா, லிம்பர்ட் பேசறான். சல்ஃபேட் நாலு மூட்டை கொட்டிட்டானாம், கலங்கல் அப்படியே இருக்காம். இன்னும் எவ்வளவு போடணும்னு கேக்கறான்."

நெமேசியா தலையை நிமிர்த்தவில்லை. "பரீட்சையில பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்."

பின் பெஞ்சில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். வாத்தியார் சிவந்துபோனார்.

அவள் பேனாவை இறுக்கிப் பிடித்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சட்டம் போட்ட சான்றிதழ் என்ன கிழித்தது என்று மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிடும். திறந்தால், லிம்பர்ட் தண்ணீரைத் தெளிய வைத்தான் என்று சாயங்காலமே செவெரோ கூட்டத்தில் சொல்வார். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். ஆனால் அந்தத் தம்ளரை அவள் பார்த்துவிட்டாள். இந்நேரம் தையல்காரியின் கைக்குழந்தைக்கு யாராவது பால் கரைத்துக்கொண்டிருப்பார்கள். சனியன், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"நாக்குல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. புளிக்குதான்னு கேளுங்க."

வாத்தியார் போனில் கேட்டார். "புளிக்குதாம். பல்லு கூசுதாம்."

"நாலு மூட்டை போட்டா கூசாம என்ன செய்யும்? சுண்ணாம்பு பத்தல சார். சுண்ணாம்பு இல்லாம அது திரளாது. வெளிய போற வால்வை முதல்ல மூடச் சொல்லுங்க. சல்ஃபேட்டைத் தொடவே கூடாது. சுண்ணாம்புப் பால் கரைச்சு வாளி வாளியா ஊத்தி, புளிப்பு போற வரைக்கும் கலக்கச் சொல்லுங்க. அப்புறம் மெதுவா. மெதுவான்னா மெதுவா, எருமை மாதிரி அடிக்கக் கூடாது. நான் வந்து பாக்கற வரைக்கும் வால்வைத் திறக்கக் கூடாது."

வாத்தியார் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. எருமையைக்கூட விடவில்லை. லிம்பர்ட் கேள்வி மேல் கேள்வி கேட்டான். எந்த வால்வு? சுண்ணாம்பு எங்கே இருக்கிறது? வாளி எந்த வாளி? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடித்தபோது கடிகாரத்தில் பதினொன்றுக்கு நாலு நிமிஷம் இருந்தது.

"கூட நேரம் குடுங்க சார் அவங்களுக்கு," என்றாள் தையல்காரி.

"பஸ் நிக்காதும்மா," என்றார் வாத்தியார்.

நெமேசியா எழுந்துபோய் மேஜை மேலிருந்த தம்ளரில், தொட்டி வேலைக்காக எப்போதும் மேலங்கிப் பையில் வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூளில் ஒரு சிட்டிகை போட்டாள். வாத்தியாரின் பேனாவை எடுத்து மெதுவாகச் சுற்றினாள். பேனாவைத் துடைத்துத் திருப்பி வைத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

Al எழுதினாள். மூன்றும் ரெண்டும் தலைக்குள் இடம் மாறி மாறி உட்கார்ந்தன. ரெண்டு, அலுமினியத்தின் காலடியில். ஒட்டினாற்போல் SO, அதன் காலடியில் நாலு. மூன்றை எழுதப் போனவள் நிறுத்தினாள்.

கூடையில் போன் ஒரு தடவை சிணுங்கியது. வாத்தியார் எடுத்துப் படித்தார். "திரளுதாம்," என்றார். சொல்லிவிட்டு அவளுடைய தாளைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. மேஜை மேல் தம்ளரில் சேறு சின்னச் சின்ன மூட்டைகளாகச் சேர்ந்து, ஒன்றும் சிதறாமல், கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. நெமேசியா அதையே பார்த்தாள். பிறகு தாளுக்குத் திரும்பினாள். ரெண்டுக்கும் S-க்கும் நடுவில் வேலிக்கு அவள் இடமே விடவில்லை, ஒரு மயிரிழைதான் இருந்தது. பேனா முனை பின்னால் போய் அந்த இடுக்கில் நின்றது.