கட்டில் பொத்தான்

எங்கள் லாரிகளில், கண்ணாடிக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் ஒரு கருவி இருக்கும். நாங்கள் அதைப் பெட்டி என்போம். காலையில் டிரைவர் கார்டை அதில் செருகினால், அன்று முழுக்க நாம் என்ன செய்தோம் என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினால் சக்கரப் படம். நின்றால் தானாகவே சுத்தியல் படம் வரும். ஓட்டவில்லை, ஆனால் வேலையில் இருக்கிறோம் என்று அர்த்தம். ஓய்வு எடுக்கிறோம் என்றால் மட்டும் நாமே ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அப்போது கட்டில் படம் வரும்.

எங்கள் கம்பெனியில் ஓடிய கிலோமீட்டருக்குத்தான் சம்பளம். குடோன் வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று நிற்போம். முன்னால் ஒரு வண்டி உள்ளே போனால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு வண்டி நீளம் நகரவேண்டும். கண் அசந்து நகராமல் இருந்துவிட்டால், பின்னால் இருப்பவன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஒன்றுக்குப் போவது பாட்டிலில்தான்.

இதற்குப் பெயர் ஓய்வு. "குடோன்ல நின்னா கட்டிலை அழுத்துங்க" என்பது மேனேஜரின் உத்தரவு. வாயால் சொல்வாரே தவிர எழுதித் தரமாட்டார். கட்டிலை அழுத்தினால் நாம் தூங்கி எழுந்ததாக அர்த்தம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று சட்டம் வைத்திருக்கும் கணக்கில் அது சேராது. சரக்கு இறக்கிய கையோடு அடுத்த நானூறு கிலோமீட்டருக்கு அனுப்பலாம். யாரும் கேள்வி கேட்கமுடியாது. இதில் பெரிய கூத்து, வண்டி ஒவ்வொரு தடவை நகர்ந்து நிற்கும்போதும் பெட்டி மறுபடி சுத்தியலுக்குப் போய்விடும். நாம் மறுபடி கட்டிலை அழுத்தவேண்டும். தூக்கத்தைக்கூட கையால் செய்யவேண்டிய வேலை எங்களுடையது.

நாங்கள் மொத்தம் பதினோரு பேர். எங்களில் சட்டப் புத்தகத்தை போனில் வைத்துக்கொண்டு சதா படிக்கிற ஒருவரை வக்கீல் என்று கூப்பிடுவோம். ஒருநாள் பணிமனைக்குப் பின்னால், பழைய டயர்கள்மேல் உட்கார்ந்து பேசினோம்.

"போராட்டம் வேணாம், கோஷம் வேணாம்" என்றார் வக்கீல். "மூணு வாரம் யாரும் கட்டிலை அழுத்தாதீங்க. அவ்வளவுதான். பெட்டி பாட்டுக்கு உண்மையை எழுதட்டும். அதுல அச்சாகி வர்ற சீட்டைக் கொண்டுபோய் தொழிலாளர் ஆபீஸ்ல வைப்போம்."

"ஒருத்தன் அழுத்திட்டா?" என்று கேட்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சிரித்தார். "யாரு மச்சான் அழுத்துவா? அழுத்துனவன் விரலை நான் ஒடிக்கிறேன்."

மாப்பிள்ளை என் ஒரே தங்கையின் புருஷன். கடை வைத்து நொடித்துப்போனவரை இந்த வேலைக்கு நான்தான் கூட்டிவந்தேன். பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கக் காலி மைதானத்தில் இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தேன். மேனேஜரிடம் அவருக்காக ஜாமீன் கையெழுத்தும் போட்டேன். ஊரில் தங்கைக்குச் சோறு, இங்கே எனக்குப் பேச ஒரு ஆள். என் அறையிலேயே அவருக்கும் ஒரு மூலை கொடுத்தேன்.

அந்த மூன்று வாரம் எனக்குப் பெரிய அடி. குடோனில் நின்ற நேரம் வேலை நேரத்தில் சேர்ந்துகொண்டதால், சரக்கு இறக்கி முடிக்கும்போதே அன்றைய என் நேரம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஓட்டமுடியாது. கிலோமீட்டர் பாதியானது. எல்லாருக்கும் அப்படித்தானே என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தினமும் மாப்பிள்ளை போன் பண்ணுவார்.

"மச்சான், இன்னைக்கும் அழுத்தலையே?"

"இல்ல மாப்பிள்ளை. நீங்க?"

"என்ன மச்சான் என்னைப் போய் கேக்கறீங்க? பொத்தான் மேல சிலந்தி கூடு கட்டிருச்சு."

சிரித்தேன். அடுத்தவன் கேபினுக்குள் அவன் விரல் எங்கே போகிறது என்று யாரால் பார்க்கமுடியும்?

ஒருநாள் குடோனில் மாப்பிள்ளையும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஐந்தரை மணி நேரம் நின்றோம். ஜன்னல் வழியாக ஒரே பொட்டலத்திலிருந்து பிஸ்கட் தின்றோம். சரக்கு இறங்கியதும் அவர் வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் நேரம் இல்லை. "உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டேன். "காலைல லேட்டா கார்டு போட்டேன் மச்சான்" என்றார். நம்பினேன். சொந்தத் தங்கையின் புருஷனிடம் சீட்டைக் காட்டு என்றா கேட்பது?

மூன்று வாரம் முடிந்து மனுவைக் கொடுத்தோம். நான்தான் முதல் கையெழுத்து. பதிலுக்குக் கம்பெனி என்மேல் ஒரு புகார் கொடுத்தது. குடோனில் ஓய்வெடுத்துவிட்டு, வேலை செய்ததாகப் பொய்ப் பதிவு வைத்தேனாம். நிரூபணமானால் டிரைவர் கார்டு ரத்து. கார்டு இல்லை என்றால் இந்தக் கம்பெனியில் மட்டும் இல்லை, எங்கேயும் நான் லாரியில் ஏறமுடியாது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

விசாரணைக்கு நானும் மாப்பிள்ளையும் ஒரே பஸ்ஸில் போனோம். நாலு மணி நேரப் பயணம். போக வர டிக்கெட்டை அவர்தான் எடுத்தார், ஜோடி சீட்டாக. சாட்சி சொல்லக் கூட வருகிறார் என்று எனக்குத் தெம்பாக இருந்தது.

தொழிலாளர் ஆபீஸ் இரண்டாவது மாடி. சுண்ணாம்பு உதிர்ந்த நடைபாதை, ஒரு பெஞ்சு, ஓடாத மின்விசிறி. மேனேஜர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க. 'கட்டிலை அழுத்த மறந்துவிட்டேன்' அப்படின்னு ஒரே ஒரு வரி. கையெழுத்துப் போட்டா புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். நாளைக்கே வண்டி எடுக்கலாம்."

"இருபத்தியோரு நாளும் மறந்தேனா சார்?"

"வயசாகுதுல்ல" என்றார்.

காகிதத்தை அவர் மடியிலேயே வைத்துவிட்டு நடைபாதை ஓரத்துக்கு வந்தேன். போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, சாப்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லண்ணா. எதுக்குண்ணா பெரிய இடத்துல மோதிக்கிட்டு? மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்களேன்."

காகிதம் என் கைக்கு வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் இருக்கிற தங்கைக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை பெஞ்சில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீசர் ஒரு நடுத்தர வயது அம்மாள். மேஜைமேல் பதினோரு காகிதச் சுருள்கள், பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிசாக, ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன. எல்லார் பெட்டியிலிருந்தும் அச்சடித்து வாங்கியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாக விரித்தார். கட்டில், கட்டில், கட்டில். வக்கீலின் சுருளில் கட்டில். மாப்பிள்ளையின் சுருளில் வரிசையாகக் கட்டில், பர்னிச்சர் கடை மாதிரி. என் ஒரு சுருளில் மட்டும்தான் சுத்தியல்.

சுருள்களை நானே மறுபடி எண்ணினேன்.

"பத்து பேர் ஓய்வுன்னு சொல்றாங்க. நீங்க மட்டும் வேலைன்னு சொல்றீங்க" என்றார் ஆபீசர். பிறகு இரண்டு சுருள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "இதைப் பாருங்க. ஒரே நாள், ஒரே குடோன். நீங்களும் இவரும். இவர் ஓய்வு, நீங்க வேலை. ரெண்டுல ஒண்ணு பொய். எது?"

பிஸ்கட் தின்ற நாள்.

"என்னுது உண்மை மேடம்" என்றேன். "அவரோடதை அவர்கிட்டயே கேளுங்க."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"நான் தூங்கினேன் மேடம்."

"இவர்?"

ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடி எனக்குப் போதுமாக இருந்தது, அவர் என்ன சொன்னாலும் மன்னித்துவிடலாம் என்று நினைக்க.

"இவரும் தூங்கினாரு மேடம். பக்கத்து வண்டிதானே. குறட்டை எனக்கே கேட்டுச்சு."

மேனேஜர் தாடையைத் தடவிக்கொண்டார். ஆபீசர் பேனாவை எடுத்தார். அதோடு முடிந்தது. அவர் எழுதிவிட்டால் என் கார்டு போய்விடும்.

அந்தச் சமயத்தில் என் வாய்க்குள் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் என் கார்டு தப்பிக்கும், மாப்பிள்ளை கார்டு போகும். தங்கை வீட்டில் உலை கொதிக்காது. லாரி ஓட்டாத ஆபீசருக்கு அது தானாகத் தோன்றாது. மேனேஜருக்குத் தெரியும், சொல்லமாட்டார். நான் விழுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். விழுங்கத்தான் பார்த்தேன். அந்தக் குறட்டை குறுக்கே நின்றது. தூங்கினேன் என்பதோடு விட்டிருக்கலாம். குறட்டையை அவர் சொந்தமாகச் சேர்த்தார்.

"மேடம்" என்றேன். "அவர் சுருளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. அந்த அஞ்சரை மணி நேரத்துல கட்டில் எத்தனை தடவை வந்திருக்கு?"

எண்ணினார். "பதினாலு."

"ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னாடி ஒரு சக்கரம் இருக்கும். ஒரு நிமிஷம் வண்டி நகர்ந்திருக்கு. வண்டி நின்னதும் பெட்டி சுத்தியலுக்குப் போயிடும். திரும்ப கட்டில் வரணும்னா கையால அழுத்தணும். தூங்குற ஆளு பதினாலு தடவை வண்டியை நகர்த்திட்டு, பதினாலு தடவை பொத்தானை அழுத்திட்டு, எப்ப மேடம் தூங்குனாரு?"

ஆபீசர் சுருளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

மீதி எல்லாம் பத்தே நிமிஷம். என் பதிவு சரி, காத்திருந்த நேரம் வேலை நேரம்தான், அந்த இருபத்தியோரு நாளுக்குக் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று எழுதினார். சுத்தியல் இருப்பவனுக்கு மட்டும்தான் கொடுக்கமுடியும். மற்ற பத்து பேருக்கும் கிடையாது. அவர்கள்மேல் பொய்ப் பதிவு விசாரணை தனியாக வரும். மாப்பிள்ளை தன் முன்னாலேயே பொய் சொன்னதால் ஆபீசர் அவர் கார்டை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதம்.

ஜெயித்தது நான்தான்.

திரும்பும் பஸ்ஸில் அதே ஜோடி சீட்டு. அவர் ஜன்னல் ஓரம், நான் இந்தப் பக்கம். பஸ் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

"மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு மிரட்டினாரு மச்சான்" என்றார் கடைசியில். "மனு குடுக்கறதுக்கு முன்னாடியே மோப்பம் பிடிச்சுட்டாரு. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. ஒருத்தர் அழுத்தாம இருந்தா போதும், கேஸ் நிக்கும்னு வக்கீல் சொன்னாரு. ஜெயிச்சா எல்லாருக்கும் லாபம்."

"தோத்தா எனக்கு மட்டும்."

அவர் டிக்கெட்டை இரண்டாக மடித்தார்.

"எப்ப பேசுனீங்க?"

"முதல் வாரமே."

"எங்க வெச்சு?"

"நம்ம ரூம்லதான். நீங்க லோடு போயிருந்தீங்க."

என் பாயில் உட்கார்ந்து, என் தம்ளரில் டீ குடித்து, பத்து பேர் பேசியிருக்கிறார்கள்.

"தங்கச்சிக்கு?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். அவ ஒரு நாள் முழுக்க அழுதா மச்சான், உங்களை நினைச்சு."

அழுதிருப்பாள். அழுதுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று என்னிடம் இத்தனை நாளும் போனில் கேட்டிருக்கிறாள்.

"என் பேரை முதல்ல சொன்னது யாரு?"

ஜன்னல் கண்ணாடியில் விரலால் என்னவோ கிறுக்கினார்.

"நான்தான். வேற யாரை வெச்சாலும் பாதியில பயந்து அழுத்திருவான். மச்சானைச் சொல்லுங்க, அவர் சொன்ன வார்த்தை மாறமாட்டார், யாரையும் சந்தேகப்படவும் மாட்டார்னு சொன்னேன். உங்களைப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன் மச்சான்."

நான் எழுந்தேன். பஸ்ஸில் வேறு சீட்டு காலி இல்லை.

"எங்க மச்சான் போறீங்க? இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, உக்காருங்க."

முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி ஸ்டாப் வரை நின்றுகொண்டே வந்தேன்.